தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்

மரிஸ்தெல்லா காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போடுவாள். வாயில் வைக்க முடியாது. ஆனாலும் வேலை முடிந்ததும் நான் நேராகப் போவது அவள் வீட்டுக்குத்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதிகள். இந்த விசாரணையில் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன் ஐயா, அவள்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இருந்ததில்லை.

மகங்கே நகரில், ஆற்றங்கரைப் பெண்கள் மருத்துவமனையில் நான் நர்ஸ். கல்யாணமாகி நாளாகியும் பிள்ளை தங்கவில்லை என்று அவள் பரிசோதனைக்கு வந்தாள். மாதிரி எடுத்தவள் நான். சோதனைக்கூடத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள்: "கிளமிடியா இருக்கு நர்சம்மா. புருஷனையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

உடலுறவில் தொற்றும் கிருமி அது. அவளுக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான், கிருமி உள்ளே இருப்பதே தெரியாது. மருந்து ஒரே வேளை மாத்திரை. ஆனால் புருஷனும் விழுங்க வேண்டும். வேறு யாரோடாவது பழக்கம் உண்டா என்று டாக்டர் அவனிடம் கேட்பார். அவள் புருஷன் எவெலியோ சரக்குப் படகு ஓட்டுகிறவன், பொய் சொல்லத் தெரியாதவன். அந்த வேறு யாரோ நான்தான்.

அன்று என் பங்கு மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்னடி, ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சு. உனக்கு ஒண்ணுமில்ல. சும்மா கெடந்து பயப்படாத."

"அப்போ கோளாறு அந்தப் படகுக்காரன்கிட்டதான். ஊர் ஊரா நங்கூரம் போடுறவனுக்கு வீட்டுல மட்டும் கயிறு பத்தலபோல." சிரித்துக்கொண்டே காப்பியை என் பக்கம் தள்ளினாள்.

குடித்தேன்.

அந்த மாத்திரையை வைட்டமின் என்று சொல்லியாவது கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். அவளுக்கு மட்டும் கொடுத்தால் அவனிடமிருந்து மறுபடி தொற்றும், வீண் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு, மருந்தில்லாமலே இந்தக் கிருமி பல பெண்களுக்குத் தானாகப் போய்விடும். அது பொய்யில்லை, நீங்கள் எந்த டாக்டரிடமும் கேட்கலாம். போகாதவர்களுக்கு அது சத்தமில்லாமல் மேலே ஏறிக் கருக்குழாயைத் தழும்பாக்கும். அதுவும் எனக்குத் தெரியும். எவெலியோவோடு பழக்கத்தை அன்றோடு விட்டேன். அதையே பெரிய பரிகாரமாக எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவள் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். "நாள் தள்ளிப்போச்சுடி. நீதான் என் பிள்ளைக்கு ஞானத்தாய், இப்பவே சொல்லிட்டேன்." கிருமி போய்விட்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போகக்கூடத் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து மீன் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். மற்றக் குழாயும் தழும்பேறி ஒட்டிப்போயிருந்தது. உயிர் பிழைத்தாள். இனி தானாகக் கரு தங்க வழியில்லை, பழைய தொற்று என்றார் டாக்டர்.

மரிஸ்தெல்லா படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்: "எனக்கு எந்தத் தொத்தும் இல்ல டாக்டர். இவகிட்டயே கேளுங்க. இவதான் பாத்தா."

நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் என் குற்றம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மற்றதெல்லாம் பயத்தில் செய்தது. அவன் அவளை விட்டு என்னிடம் வரவேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

படகை விட்டுவிட்டு எவெலியோ ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்ததும் வீட்டுக்குப் போனேன். தலைக்குக் குளித்து, அவனுக்குப் பிடித்த மஞ்சள் கவுனை உடுத்தி, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு திரும்பி வந்தேன்.