வெர்னா மாட்டிய ஆணி

மாலை நாலரை மணி. டிசம்பர் மாதம். மொன்டானாவின் வடக்கு மூலையில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். கால்டர் ஓடைச் சாலையில் கடைசி வீடு வெர்னாவுடையது. அதற்கப்பால் காடு... காட்டுக்கப்பால் கனடா. அந்தச் சாலையில் ஒரு விளக்கு வெளிச்சம் வந்தாலே, யாரென்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒரு வெளிச்சமும் வரவில்லை.

கணப்புக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள். காற்று ஓலமிடுகிறது. நான் மெதுவாகத்தான் சொல்வேன்.

இது என் நண்பன் ஆர்டனின் அக்காவுக்கு நடந்தது. வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தன் வண்டியின் மேல் இன்னொருவர் ஸ்பானர் வைக்க விடமாட்டாள். அந்த வருஷம் செப்டம்பரில் லவோன் என்கிற விதவையிடமிருந்து ஒரு பச்சை வண்டியை வாங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தாள். எழுபத்துநாலாம் வருஷத்து வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். பத்துக் குளிர்காலம் வைக்கோல் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

"மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாலு சக்கரமும் பிடிக்காது, அவ்வளவுதான்" என்றாள் லவோன். வண்டி போகும்போது வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை.

ஆர்டன் சும்மா இருப்பானா? "அக்கா, இதுக்கு ஒரு கழுதையை வாங்கியிருக்கலாம். அதுக்கும் நாலு காலும் இழுக்கும்."

"உன்னைத்தான் வளத்துக்கிட்டிருக்கேனே. இன்னொரு கழுதை எதுக்குடா?"

மூன்று மாதம் வெர்னா கராஜிலேயே குடியிருந்தாள். துருப்பிடித்த போல்ட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தாள். கார்புரேட்டரைக் கேக் தட்டில் போட்டுக் கழுவினாள். ஹீட்டருக்குள்ளிருந்து எலிக்கூடு மட்டும் ஒரு வாளி அள்ளினாள். கடைசியாக மிச்சமிருந்தவை இரண்டு: பிடிக்காத கைபிரேக், பிடிக்காத முன்சக்கரங்கள்.

அன்று மாலை முன்சக்கரத்து விவகாரம் என்னவென்று பார்க்க அடியில் புகுந்தாள். பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். சாவி சமையலறையில். கராஜ் கதவு சாத்தியிருந்தது. ஒரு சின்ன கேஸ் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே சைபருக்குக் கீழே இருபது.

அட்டையை விரித்து மல்லாந்து படுத்தாள். கால் இரண்டும் வண்டியின் வலப்பக்கம், முன்சக்கரத்துக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டார்ச் அடித்ததுமே கோளாறு தெரிந்துவிட்டது. ஓட்டுகிறவர் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு குட்டி லீவர் இருக்கும். அதை இழுத்தால் தரைக்கு அடியில் ஒரு கம்பி நகரும். அந்தக் கம்பி, நடுவிலிருக்கும் பெட்டியின் கையை இழுத்து முன்சக்கரங்களுக்கு விசை கொடுக்கும். கம்பியையும் கையையும் சேர்க்கிற ஆணியைக் காணோம். சுண்டுவிரல் நீளம்தான்.

"இதுக்கா இத்தனை பாடு!" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சட்டைப்பையில் அளவான ஆணி ஒன்று இருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

பெட்டியின் கை துருவில் இறுகியிருந்தது. சுத்தியலால் ஒரு தட்டு... இன்னொரு தட்டு. சட்டென்று விட்டுக்கொடுத்தது. கை நடுவில் வந்து நின்றது. அது நடுவில் நின்றால், வண்டி கியரில் கிடந்தாலும் சக்கரங்கள் சுதந்திரம். கராஜ் தரையோ, பனித் தண்ணீர் வடிவதற்காகக் கதவுப்பக்கம் சாய்வாகப் போட்டது. கைபிரேக் இல்லை.

வெர்னாவுக்கு எல்லாம் புரிந்தது... ஒரு விநாடி தாமதமாக.

வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் நகர்ந்தது. முன்சக்கரம் அவள் இடது முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றது. "மடக்." பின்சக்கரத்துக்கு வைத்திருந்த செங்கல் தடுத்ததால் அதற்குமேல் நகரவில்லை.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். யார் இருக்கிறார்கள் கேட்க? போன் மேசைமேல், பத்தடி தூரத்தில். காலை இழுத்தால் கண் இருண்டது. ஜாக்கி கைக்கு எட்டவில்லை. சுத்தியலை எறிந்து போனைக் கீழே தள்ளப் பார்த்தாள். அது மேசைக்காலில் பட்டு மூலைக்கு உருண்டது.

கொஞ்ச நேரத்தில் கணப்பு "புஸ்... புஸ்..." என்றது. அணைந்தது.

இரும்பு குளிர ஆரம்பித்தால் ஒரு சத்தம் வரும், தெரியுமா? டிக்... டிக்... என்று. அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். மூச்சு வெண்புகையாய் மேலே போய், எண்ணெய்ப் பிசுக்கில் படிந்தது. மெல்ல மெல்ல கால்வலி குறைந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. காலையில்தான் யாராவது தேடுவார்கள். காலைவரை இந்தக் குளிரில் உயிர் நிற்காது.

அப்போது தலைக்கு மேலே ஓட்டுநர் இருக்கையின் ஸ்பிரிங் முனகியது.

கதவு திறந்த சத்தம் இல்லை. காலடி இல்லை. வெறுமனே... உட்கார்ந்திருக்கிற ஒருவர் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்த மாதிரி.

"யாரு? ஆர்டன்? டேய், விளையாடாதே!"

ஒரு வாசனை இறங்கியது. ஈரக் கம்பளி. பைன் மரப்பிசின். எப்போதும் வெயில் படாத இடத்துப் பனி.

கிளட்ச் மிதித்தால் அசைகிற கம்பி அவள் முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அது மெதுவாக நகர்ந்தது. நின்றது. கியர் விழுந்தது. கம்பி திரும்பி வந்தது. மறுபடி கிளட்ச். ரிவர்ஸ். மறுபடி கிளட்ச். முதல் கியர். முன்னே, பின்னே... முன்னே, பின்னே... பனியில் சிக்கிய வண்டியை ஆட்டி ஆட்டி எடுப்பார்களே, அந்த மாதிரி. பேட்டரி மேசைமேல் இருந்தது. இஞ்சின் செத்துக் கிடந்தது. கம்பிகள் மட்டும் அவள் முகத்துக்கு மேலே வேலை செய்துகொண்டிருந்தன.

வெர்னாவுக்கு லவோனின் கணவர் டெல்மர் நினைவுக்கு வந்தார். பத்து வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில் காட்டுப்பாதையில் பனியில் மாட்டிச் செத்தவர். எப்படி என்று அவள் கேட்டதில்லை. அந்த ஊரில் யாரும் அதெல்லாம் கேட்கமாட்டார்கள். பாவம், இன்னும் சிக்கிக்கொண்டே இருக்கிறாரே என்று நினைத்தாள். பயத்தின் நடுவிலும் மனசு கசிந்தது.

"டெல்மர்... நீங்களா?"

கம்பிகள் நின்றன.

பிறகு குட்டி லீவரின் கம்பி மட்டும் நகர்ந்தது. நூல் நூலாக... அதன் நுனியிலிருந்த துளை, பெட்டிக் கையின் துளைக்கு நேரே வந்து நின்றது. அசையவில்லை. காத்திருந்தது.

ஆணி இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது. தோலோடு ஒட்டிப்போயிருந்தது.

"மாட்டிவிடறேன். ஆனா முன்னாடி போங்க டெல்மர். பின்னாடி வந்துடாதீங்க, புண்ணியமாப் போகும்."

விரல்கள் மரத்துவிட்டன. இரண்டு முறை தவறிவிட்டது. மூன்றாம் முறை ஆணி உள்ளே போனது. உடனே "டொக்" என்று பெட்டி பிடித்தது. அந்த அதிர்வு தரை வழியாக அவள் பல்லில் இறங்கியது.

வண்டி முன்னே போனது. இஞ்சின் சத்தம் இல்லை. சாய்வில் மேல்நோக்கி, நாலு சக்கரமும் ஒன்றாய்ச் சுழன்று... ஓரடி. நின்றது. காலின் மேலிருந்த பாரம் போனது. முழங்கையை ஊன்றி ஊன்றி வெளியே இழுத்துக்கொண்டாள். அவள் கடைசி விரலையும் எடுக்கிற வரைக்கும் வண்டி நின்று, பிறகு தளர்ந்து, பழைய இடத்துக்கே வந்து செங்கல்லில் முட்டியது.

கண்ணாடி உள்பக்கம் பனிமூட்டமாக இருந்தது. உள்ளே யாரென்று தெரியவில்லை.

"நன்றி டெல்மர்" என்றாள் வெர்னா. மேசைவரை ஊர்ந்துபோய்ப் போனை எடுத்தாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு லவோன் வந்தாள். கையில் வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு ரொட்டி. வெர்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் என்னைக் காப்பாத்தினார், லவோன். சீட்ல உக்காந்துக்கிட்டு பாவம், வெளிய வர முடியாம தவிச்சுக்கிட்டிருந்திருக்கார். இனிமே நிம்மதியாப் போயிருவார்."

லவோன் ரொட்டிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அவர் சீட்ல சாகல, வெர்னா."

"பின்னே?"

"வண்டிக்கு அடியில கிடந்தார். வண்டி பின்னால வந்து நெஞ்சுல ஏறி நின்னுச்சு. கண்டுபிடிச்சப்போ அந்த ஆணி அவர் பல்லுக்கு நடுவில இருந்துச்சு. தாடையைத் திறந்து எடுக்கவே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு."

"ஆணியை மாட்டப் போயிருப்பார்..."

"அந்த மலைமேல ஏற நாலு சக்கரமும் பிடிச்சிருக்கணும். போறப்போ ஆணி இருந்திருக்கு. மூணு மைல் நடந்தா ஊர். அவர் நடக்கல. பனியில மல்லாந்து படுத்து, அதைக் கழட்டியிருக்கார்." லவோனின் குரல் இறங்கிவிட்டது. "சீட்ல ஏறி உக்காந்தது கீழ ஊருக்கு வரக் கூடாதுன்னு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பிடிக்காதுன்னு சொன்னேனே. பிடிக்காத வண்டியை வச்சு எலிக்கூடு அள்ளுவே, வெளியில காட்டிப் பெருமையடிப்பே, அவ்வளவுதான்னு நினைச்சேன். என் கொட்டகையில இன்னொரு குளிர்காலம் அதோட இருக்க எனக்குத் தெம்பு இல்ல."

வெர்னா தம்பிக்குப் போன் அடித்தாள். "ஆர்டன், இப்பவே கராஜுக்குப் போ. அடியில படுக்காதே, கைய மட்டும் நீட்டு. நடுவில ஒரு ஆணி இருக்கும், அதை உருவிடு. எதுக்குன்னு கேக்காதே."

ஆர்டன் போனான். கராஜ் கதவு திறந்து கிடந்தது. உள்ளே செங்கல் இருந்தது. அவள் படுத்திருந்த அட்டை இருந்தது. வண்டி இல்லை.

முந்தின இரவு புதுப்பனி பெய்திருந்தது. அதில் சக்கரத் தடம் தெளிவாகப் போயிருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டி நின்றிருக்கிறது. நாலு டயரின் அச்சும் அங்கே ஆழமாக இருந்தது. அதற்கப்புறம் தடம் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

இதை என்னிடம் சொன்னபோது ஆர்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி நின்ற இடத்துக்கு, காட்டுக்குள்ளிருந்து காலடிகள் வந்திருந்தன. வெறுங்கால். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தது. பக்கத்து இருக்கைக் கதவு இருந்திருக்க வேண்டிய இடம்வரை வந்து... அங்கே நின்றுவிட்டன.

ஒரு ஜோடி இல்லை என்றான். எண்ணிப் பார்த்திருக்கிறான். ஐந்து ஜோடி.