வாவிக்கு நடுவில் அரை மணித்தியாலம்

— நானா, நாலு மணிக்கு எடுங்க எண்டுதானே சொன்னயள். நாலடிச்ச உடன எடுத்திட்டன்.

— நாலுதான் தங்கச்சி. ஆனா நான் சொன்னது கட்டார் நாலு. இஞ்ச இப்ப ஒண்டரை. சோத்துக் கோப்பைக்குள்ள கை இரிக்கி.

— ஐயோ! அப்ப வைக்கட்டா? மறுகா எடுக்கன்.

— அம்மா, வைக்காதங்க! மாமா, நான் மகள் கஜானி, ஸ்பீக்கர்ல போட்டுக் கதைக்கன். உங்கட நாலு எங்களுக்கு ஆறரை. அஞ்சு மணிக்கு உன்னிச்சையில இருந்து மாப்பிள்ளைட தாய் முடிவு கேட்டு எடுத்திருவா. அதுக்குப் பிறகு உங்களோட கதைச்சும் பிரயோசனமில்ல.

— பதறாத மகள், நான் வைக்கல்ல. கையக் கழுவிட்டு வாறன்... ம், சொல்லுங்க. எங்கட நஸீபா காத்தான்குடியில இருந்து எடுத்துச் சொன்னா, ‘வாப்பா, மங்கையற்கரசி எண்டு ஒராள் உங்களத் தேடி வீட்ட வந்தா’ எண்டு. எனக்கு ஆளப் புரியல்ல. மண்முனைத் தோணி எண்டு சொன்ன உடனதான் மனசுக்குள்ள வந்த.

— அந்த மங்கைதான் நானா. நிறைமாத வயித்தோட கொக்கட்டிச்சோலையில இருந்து வந்து, பாதி வழியில...

— யா அல்லாஹ்! அப்ப இந்தக் கதைக்கிற புள்ளதான் தோணிக்குள்ள பிறந்த புள்ளையா?

— ஓம் மாமா. நான்தான்.

— இப்ப என்ன வயசு மகள்?

— இருபத்தாறு.

— கலியாணம்?

— அதுக்குத்தான் மாமா உங்களத் தேடின.

— என்னையா? எனக்குச் சாரன் விக்கத்தான் தெரியும் மகள், மாப்பிள்ள பாக்கத் தெரியாது.

— பகிடி விடாதங்க நானா, நேரம் போகுது. இவள் பிறந்த நேரம் துண்டுல ஆறு பத்து எண்டு இருக்கு. பின்னேரம் ஆறு பத்து. தோணியால இறங்கி ஆசுப்பத்திரிக்குப் போன உடன, எங்கட அவர் சொல்லச் சொல்லத் தாதி எழுதின துண்டு. அந்த ஆறு பத்து பழைய நேரமா, புது நேரமா எண்டுதான் இப்ப பிரச்சினை. அவர் இருந்தா அவரிட்டக் கேப்பன். அவர் போய்ப் பதினாறு வருசம்.

— இன்னாலில்லாஹி... எனக்குத் தெரியாதே தங்கச்சி. நல்ல மனிசன். ம்... அப்ப அந்தப் பழைய அரை மணித்தியாலமா இப்ப வந்து நிக்குது?

— அதே அரை மணித்தியாலம்தான்.

— எனக்கு இன்னும் நம்பக் கஸ்டமா இருக்கு மாமா. ஒரு மாவட்டத்துக்குள்ள எப்படி ரெண்டு நேரம் இருந்த?

— நாங்களும் நம்பாமத்தான் இரிந்தம் மகள். தொண்ணூத்தாறுல அரசாங்கம் மணிக்கூட்டு முள்ள முன்னுக்குத் தள்ளின. கடைசியா அரை மணித்தியாலத்தில வந்து நிண்டிச்சி. வாவி ஆத்துக்கு அங்கால படுவான்கரையில புலி இயக்கம். அவங்க தள்ளமாட்டம் எண்டு பழைய நேரத்தையே வச்சிரிந்த. பத்து வருசம் அப்படி. நான் காத்தான்குடிக் கரையில ஒம்பது மணிக்குத் தோணி ஏறுவன். கால் மணித்தியாலம் தண்ணியில போய் அங்கால இறங்கினா எட்டே முக்கால்.

— வயசு குறைஞ்சிருக்குமே மாமா!

— குறையும், குறையும். பின்னேரம் திரும்பி வரக்க முக்கா மணித்தியாலமாப் பிடுங்கிரும்.

— என்ர தங்கச்சிட கலியாணத்துக்கு முகூர்த்தம் ஒம்பது எண்டு காட் அடிச்சம் நானா. எந்த நேரம் எண்டு போட மறந்து போனம். உங்கட கரையில ஆரையம்பதிச் சொந்தக்காரர் எல்லாரும் அரை மணித்தியாலம் முந்தி வந்து, பந்தல் கட்டுற ஆக்களுக்குத் தடி தூக்கிக் குடுத்துக்கொண்டு நிண்டாங்க.

— நல்ல வேலைதான் செஞ்சிரிக்காங்க. இஞ்ச மகன் றம்ஸீன்ட வீட்டுச் சுவர்லயும் ரெண்டு மணிக்கூடு தொங்குது தங்கச்சி. ஒண்டு கட்டார், ஒண்டு காத்தான்குடி. ரெண்டரை மணித்தியாலம் வித்தியாசம். பாருங்க, இஞ்சயும் அந்த அரை வந்து ஒட்டிக்கிட்டு இரிக்கி. நான் எப்பயும் பிழையான மணிக்கூட்டத்தான் பாக்கன்.

— நானா, கதை எங்கயோ போகுது. சாத்திரியார் இவளப் படுவான்கரைப் பிள்ளை எண்டு பழைய நேரமாவே கணிச்சிட்டார். அப்படிப் பாத்தா இவளுக்கு...

— நிப்பாட்டுங்க தங்கச்சி!

— என்ன நானா?

— எந்த நேரம் வந்தா புள்ளைக்கு நல்லம், எது வந்தா கூடாது எண்டு எனக்குச் சொல்லாதீங்க.

— சொன்னாத்தானே நானா உங்களுக்கு விளங்கும்? நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், சாத்திரியார் ஏற்றுக்கொள்ளுவார். உங்களக் கும்பிட்டுக் கேக்கன்.

— அதுதான் பயம். என்ன எண்டு தெரிஞ்சா என்ர நாக்கு அந்தப் பக்கம் சாஞ்சிரும். நல்ல மனசாலதான் சாயும். எண்டாலும் நாளைக்கு அந்தப் பொடியன்ட வீட்டாருக்கு நான் பொய் சாட்சி சொன்னவன் ஆகிருவன். தெரியாம இரிந்தா, கண்டதக் கண்டபடி சொல்லுவன்.

— எனக்கும் அதுதான் விருப்பம் மாமா. அம்மா, நீங்க வாயப் பொத்திக்கொண்டு இருங்க.

— பொத்திட்டன். ஆண்டவனே, தாந்தாமலை முருகா, நீதான்.

— கேளுங்க. அண்டைக்கு வியாழக்கிழமை.

— ஓம் மாமா, துண்டுலயும் இருக்கு. தொண்ணூத்தொம்பது, பதினோராம் மாசம் பதினொண்டு, வியாழன்.

— துண்டு எனக்கு வேணாம் மகள். நான் வியாழக்கிழமையில நோன்பு பிடிக்கிறவன். ரமழான் இல்ல, விரும்பிப் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு. காலையில இருந்து படுவான்கரை முழுக்கச் சைக்கிள்ல சாரனும் சீத்தைத் துணியும் வித்துப்போட்டு, கடைசித் தோணிக்கு வந்து நிக்கன். நோன்பு திறக்கக் கையில ஒரு போத்தல் தண்ணி, மூணு ஈத்தம்பழம். அப்பதான் உங்கட அவர் உங்களத் தாங்கிக்கிட்டு வந்த.

— நல்ல மழை நானா அண்டைக்கு.

— மழை அப்பதான் விட்ட. தோணி நடு ஆத்துக்கு வரக்க நீங்க கத்தின கத்தில, ஓட்டி கையில இரிந்த தடிய விட்டுட்டான். தோணியில ரெண்டு பெண்டுகள் இரிந்தாங்க. அவங்க சீலையப் பிடிச்சி மறைச்சாங்க. நானும் உங்கட அவரும் மற்றப் பக்கம் கிறுகி இரிந்தம். அவர்ட கை என்ர கையப் பிடிச்சிரிந்த. அந்தப் பிடி இன்னும் நினைவிரிக்கி.

— அப்ப நடு ஆத்துக்குள்ள பிறந்த எனக்கு எந்தக் கரை நேரம் மாமா?

— இவள் ஒருத்தி, இப்பதான் கேள்வி! நானா, நீங்க மணிக்கூட்டப் பாத்தயளா, அதச் சொல்லுங்க.

— பாத்தன் தங்கச்சி. நோன்பாளி பாக்காம இரிப்பானா? ஆனா மழைத்தண்ணி உள்ளுக்குப் போய்க் கண்ணாடி முழுக்க ஆவி. முள்ளே தெரியல்ல.

— ஐயோ, அப்ப முடிஞ்சுதா?

— அவசரப்படாதீங்க. நான் மணிக்கூட்டுக்கா நோன்பு திறக்கிற? பாங்குக்குத்தானே. காத்தான்குடிப் பள்ளியில பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுது, சத்தம் தண்ணிக்கு மேலால வருது. நான் போத்தல் மூடியத் திருகக்க, புள்ளையிட முதல் அழுகை. ரெண்டையும் ஒண்டாக் கேட்டன். ஒரு பெண்டு ‘நல்ல தண்ணி இருக்கா, நல்ல தண்ணி’ எண்டு கேட்டா. ஆத்துத் தண்ணி உப்பு. பச்சப் புள்ளைய அதால கழுவ ஏலுமா? கிறுகாமலே கையப் பின்னுக்கு நீட்டிப் போத்தலக் குடுத்திட்டன்.

— அது உங்கட நோன்புத் தண்ணியா நானா? இவ்வளவு காலமும் எனக்கு அது தெரியாதே.

— அதெல்லாம் ஒரு கதையா. ஈத்தம்பழம் இரிந்தானே.

— மாமா, கொஞ்சம் பொறுங்க. பாங்கு சூரியனப் பாத்துத்தானே சொல்றது? முள்ள எவ்வளவு தள்ளினாலும் சூரியன் தள்ளாது. பதினோராம் மாசம் பதினொண்டுக்கு மஃரிப் எத்தின மணிக்கு?

— இப்ப உள்ள நேரத்துக்கு அஞ்சு நாப்பது. பள்ளியில அட்டை தொங்குது, ஆரும் பாக்கலாம். அண்டைக்கு எங்கட கரைப் புது நேரத்துக்கு... அரை மணித்தியாலம் கூட்டு... ஆறு பத்து.

— ஆறு பத்து! அம்மா, துண்டுல உள்ளது புது நேரம்!

— அப்ப எங்கட அவர்ட மணிக்கூட்டில அஞ்சு நாப்பது எண்டுதானே இருந்திருக்கும்? அவர் பழைய நேரம்தானே வச்சிருந்தவர்.

— ஓம் தங்கச்சி. ஆசுப்பத்திரியில கேக்கக்க, டவுன் ஆக்களுக்குச் சிரமம் வேணாம் எண்டு மனிசன் அரை மணித்தியாலத்தக் கூட்டிச் சொல்லியிரிக்காரு.

— அவர் அப்படித்தான் நானா. வீட்ட ஆரும் வந்தா அவங்கட பேச்சுத்தான் பேசுவார். புள்ளை பிறந்த பதட்டத்திலயும் மற்றவனுக்கு விளங்கட்டும் எண்டு நினைச்சிருக்கார் பாருங்க.

— அழாதீங்க தங்கச்சி. இனிச் சொல்லுங்க. எது நல்லம்?

— அஞ்சு நாப்பதுதான் நானா! ஆறு பத்து எண்டு கணிச்சா இவளுக்குச் செவ்வாய் எட்டில விழுது. செவ்வாய் தோசம். அஞ்சு நாப்பது எண்டா லக்கினமே மாறிரும், செவ்வாய் ஒம்பதுக்குப் போயிரும். தோசமில்ல. தோசமே இல்ல!

— அல்ஹம்துலில்லாஹ்.

— மூண்டு இடம் தட்டிப் போன மாமா. நான் வீட்ட சிரிச்சுக்கொண்டுதான் இருந்தன். போன வருசம் என்ர கூட்டாளிட கலியாணத்துக்குத் தோழியா நிக்கச் சீலையும் எடுத்திட்டன். முதல் நாள் அவவிட தாய் போன் எடுத்து, ‘பிள்ள, குறை நினைக்காத, தோழிக்கு வேற ஆள் பாத்திட்டம்’ எண்டா. அந்தச் சீலைய இன்னும் மடிப்புக் குலைக்கல்ல.

— நீ எனக்கு இதச் சொல்லல்லையே கஜானி.

— சொல்லி என்னம்மா? நீங்க இன்னும் அழுவயள்.

— நல்லாரிப்பாய் மகள். உனக்கு ஒரு பாங்கு இரிந்த, ஒரு கிழவன் கேட்டான். ஆனா அந்தப் பத்து வருசத்துக்குள்ள அந்தக் கரையில எத்தின புள்ளையள் பிறந்திரிக்கும்? அதுகள்ட நேரத்துக்கு ஆர் சாட்சி சொல்ற?... ஹலோ? தங்கச்சி? லைன் அறுந்திட்டா?

— இல்ல மாமா, லைன் இருக்கு. அம்மாதான் போனக் கீழ வச்சிட்டா. என்னம்மா? ஏன் முகம் இப்படிப் போச்சு?

— நிருஷா.

— ஆர் தங்கச்சி அது?

— பனிச்சங்கேணிப் பிள்ளை நானா, அங்கயும் அப்ப இயக்கத்திட நேரம்தான். என்ர மூத்தவன் உதயரூபனுக்கு நாலு வருசத்துக்கு முதல் பேசின. இவளோட ஒத்த வயசு. வந்து எனக்குக் கோப்பி ஊத்தித் தந்த பிள்ளை. அவனுக்கும் விருப்பம். செவ்வாய் எட்டில எண்டு சாத்திரியார் சொன்ன உடன, நான்தான் சாதகத்தத் திருப்பிக் குடுத்தன்.

— அம்மா...

— சொல்ல விடு கஜானி. தாய்க்காரி பஸ் ஏறி என்னட்ட வந்தா நானா. ‘அக்கா, அப்ப எங்கட பக்கம் நேரம் குழப்பமா இருந்த காலம், ஒருக்கா விசாரிச்சுப் பாப்பமா’ எண்டு கேட்டா. நான் சொன்னன், ‘தேவைக்காக நேரத்த மாத்தப்படாது’ எண்டு. வாசல்ல வச்சுத்தான் சொன்னன். உள்ளுக்குக்கூடக் கூப்பிடல்ல.

— அந்தப் புள்ள இப்ப எங்க?

— வாழைச்சேனையில ஒரு கடையில நிக்கா மாமா. இன்னும் கலியாணமில்ல. அண்ணா வேற இடத்தில கட்டி, ஒரு குழந்தையும் இருக்கு.

— பாவம் அந்தப் புள்ள.

— நானா, என்னய நல்லா ஏசுங்க.

— நான் என்னத்த ஏச தங்கச்சி. உங்களுக்கே உங்கட குரல் கேட்டிரிக்கி.

— அம்மா, கண்ணத் துடைங்க. மணி நாலரை ஆகுது. அவங்க எடுக்க முந்தி நாமளே உன்னிச்சைக்கு எடுத்துச் சந்தோசத்தச் சொல்லுவம். நம்பர அழுத்தட்டா?

— உன்னிச்சை பொறுக்கட்டும் கஜானி. முதல்ல நிருஷாட தாய்க்கு எடு, அந்தப் பிள்ளை பிறக்கக்க பக்கத்தில ஆர் நிண்டது எண்டு நான் கேக்கோணும்.