சரியான ரப்பர் மீனைத் தேர்ந்தெடுப்பது எப்படி

புழுவைக் கையால் தொடாமல் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளில்தான் மனித இனம் நாகரிகத்துக்குள் காலடி எடுத்து வைத்தது. இதை நான் சேக்காட்டில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அரங்கில், மைக் வைத்துச் சொன்னேன். கேட்க ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அடுத்து நடக்கவிருந்த யோகா வகுப்புக்கு முன்கூட்டியே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள்.

நேராக ஏரிக்கு வரச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். வருகிறேன். ஆனால் ரப்பர் மீனைப் பற்றித் தெரியாமல், டாக்டர் பாஸ்கரன் எப்படிச் செத்தார் என்பது உங்களுக்குப் புரியாது. விபத்து என்று நீங்களே எழுதி மூடிய விஷயம். மறுபடி திறக்கச் சொல்லி நானாகத்தான் வந்திருக்கிறேன். அந்தக் குண்டூசி டப்பாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்களேன். கையில் எதையாவது உருட்டிக்கொண்டிருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.

இந்த ரப்பர் மீனுக்கு ஆங்கிலத்தில் மின்னோ என்று பேர். விரல் நீளத்தில், மெத்தென்ற ரப்பரில் செய்த பொம்மை மீன். அதற்குள் தூண்டில் முள்ளைச் செருகி வீசி இழுத்தால் உயிருள்ள குஞ்சு மீன்போல் வாலை ஆட்டிக்கொண்டு வரும். வெளிநாட்டில் பாஸ் என்கிற மீனுக்கு இதைப் போடுகிறார்கள். பாஸ் நம் பக்கத்து ஏரிகளில் கிடையாது. அதனாலேயே பாஸைப் பற்றி நான் சொன்ன எதையும் ஆவடி வட்டாரத்தில் யாரும் மறுத்ததில்லை. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் வீடியோ பார்ப்பேன். பார்த்ததையெல்லாம் நம் ஊர் விராலுக்குப் பொருத்தி விதிகள் வகுத்தேன். கலங்கல் தண்ணீருக்கு அடர்ந்த நிறம். தெளிந்த தண்ணீருக்குக் கண்ணாடி நிறம். மேகம் மூடினால் வெள்ளி. எல்லாவற்றுக்கும் முதல் விதி, வெவ்வேறு வகை ரப்பர் மீன்களை ஒரே பெட்டியில் போடக்கூடாது. ஒன்றின் எண்ணெய் இன்னொன்றைத் தின்றுவிடும். இதை வகுப்பில் நான் மூன்று தரம் சொல்ல வைப்பேன், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல.

அப்படித்தான் எங்கள் விளையாட்டுத் தூண்டில் மன்றம் உருவானது. மன்றம் என்றால் வாட்ஸாப் குழு. நான் தலைவர். குழுவின் முகப்பில் என் படம். இரண்டு கையிலும் ஏந்திய முழங்கை நீள விரால், முகத்தில் அடக்கமான புன்னகை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலரும் சேர்ந்தார்கள்.

எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நிலையில் நிற்க வராது. இரண்டு வீச்சுக்கு ஒருமுறை ரப்பர் மீனை மாற்றிவிடுவேன். போட்டது தப்போ, பெட்டியில் இருப்பதுதான் சரியோ என்று உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஏரிக்கரையில் நான் தூண்டில் வீசிய நேரத்தைவிட முடிச்சு போட்ட நேரம் அதிகம்.

பாஸ்கரன் எதிர் வீட்டுக்காரர். கரையான்சாவடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நோயாளிகளிடம் ஒரு தமிழ், எங்களிடம் ஒரு தமிழ். ஒரு நாள் விளையாட்டாகக் கூட வந்தவருக்கு, தூக்கி எறிய வைத்திருந்த ஒரு வெள்ளை ரப்பர் மீனைக் கொடுத்தேன். வால் பிய்ந்துபோனது. அதை வீசி, கைப்பேசியில் யாருக்கோ கடைவாய்ப் பல்லைப் பற்றி விளக்கிக்கொண்டே ஒரு விராலை இழுத்துப் போட்டார். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும்.

குழுவில் எல்லோரும் அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டர் என்ன நிறம் போட்டீங்க, டாக்டர் மேகத்துக்கு எது நல்லது. அவர் குரல் பதிவில் பதில் போடுவார்.

"கலரா? நீ வேற மாமே. வரதன் தூக்கிப் போட்ட பொம்ம மீனுதான். வாலுகூட இல்ல பாவம். விராலு இன்னா ஊட்ல கலர் டிவியா வச்சிகினு கீது, கலர் பாத்து வர்றதுக்கு?"

எழுபது பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கும் பொம்மை ஒன்று போட்டேன். தலைவர் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

இதற்காகவெல்லாம் ஒரு மனிதர் மேல் வருத்தம் கொள்பவன் அல்ல நான். பல் சுத்தம் செய்ய அவரிடமே போனேன் என்றால் பாருங்கள். நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளந்து, எச்சில் உறிஞ்சும் குழாயைச் செருகிவிட்டு, இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"மாமே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உன் போட்டோல கீற விராலு வாய பெருசு பண்ணிப் பாத்தேன். தொழில் புத்தி, கோச்சுக்காத. தூண்டி மாட்டுன காயமே இல்ல. மண்டைல மட்டும் கட்டையால ஒரு அடி. எந்த மார்க்கெட்டு?"

என்னால் "ஆ" என்றுதான் சொல்ல முடிந்தது.

"சர்தான் உடு. நான் யாராண்டையும் சொல்ல மாட்டேன். கொப்புளி."

கொப்புளித்தேன். அவருடைய ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அந்த மீன்கடை. முகப்புப் படத்துக்கு ஒரு மீன் தேவைப்பட்டது, வாங்கினேன். எந்த நிறுவனமும் தன் விளம்பரத்துக்கு ஒரு படம் எடுப்பதில்லையா.

அவர் வாக்குத் தவறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. லிஃப்டில் பார்க்கும்போது மட்டும், "இன்னா மாமே, மீனு ஃப்ரெஷ்ஷா?" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ நலம் விசாரிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நான் படிக்கட்டில் ஏறி இறங்கத் தொடங்கினேன். ஐந்தாவது மாடி. உடம்புக்கும் நல்லதுதான்.

பிறகு மன்றத்தின் முதல் போட்டியை அறிவித்தேன். பட்டாபிராம் தாண்டிப் போனால் ஒரு சித்தேரி இருக்கிறதே, அங்கே, ஞாயிற்றுக்கிழமை. குழுவில் பாஸ்கரன் எழுதினார், பரிசளிப்பின்போது தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேச அனுமதி வேண்டும் என்று. எல்லோரும் கைதட்டல் பொம்மை போட்டார்கள்.

அந்த இரண்டு வார்த்தை எதுவாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மார்க்கெட் ஒரு வார்த்தை. மீன் ஒரு வார்த்தை. அந்த வாரம் முழுக்க நான் உட்கார்ந்ததாக நினைவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினேன். சட்டைப் பையில் ஒரு ரப்பர் மீனை வைத்துக்கொண்டு அதன் வாலை இழுத்து இழுத்து விட்டேன். "டைல்ஸ் தேஞ்சிடும், ஒரு எடத்துல உக்காந்துதான் தொலைங்களேன்" என்றாள் என் மனைவி கிருஷ்ணப்பிரியா. உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது ஏரி.

சித்தேரியை என்னைவிட அறிந்தவர் கிடையாது. கோடையில் அது வறண்டு கிடந்தபோது தரை முழுக்க நடந்திருக்கிறேன். கிழக்கு ஓரத்தில் சவுடு மண் அள்ளிய பள்ளம் ஒன்று. லாரியே இறங்கி ஏறிய பள்ளம். ஓரம் சரிவு இல்லை, சுவர் வைத்ததுபோல் நேராக இறங்கும். மழைக்குப் பிறகு அதன் மேல் தண்ணீர் சமமாகப் பரவி, ஆகாயத்தாமரை படர்ந்து, பார்க்க மற்ற இடம் போலவே இருக்கும். போட்டியாளர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று கொம்பு நட்டுக் கட்ட சிவப்பு ரிப்பன்கூட வாங்கி வைத்திருந்தேன். காரின் பின்பக்கம் இருந்தது. இழுவைக் கயிறும் அங்கேதான் இருந்தது. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் இடம் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியை அடைத்துவிட்டு வந்தார். பெரிய விரால் எங்கே கிடக்கும் என்று கேட்டார். கிழக்கு ஓரத்தைக் காட்டினேன்.

"ஆழமா கீதா மாமே? எனுக்கு நீச்சல் சுத்தமா வராது. கொப்புளிக்கிற தண்ணிதான் நம்ம லிமிட்டு."

"முழங்கால் தண்ணிதான் டாக்டர். நானே நடந்து பாத்திருக்கேன்."

இதில் பொய் எதுவும் இல்லை, கவனியுங்கள். நடந்து பார்த்ததுண்டு. அப்போது தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டார். "செருப்பப் பாத்துக்க மாமே, நாய் கவ்விகினு போயிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கையில் அதே வால் இல்லாத வெள்ளை. செருப்பை நான் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டேன். மறுநாள் அவர் வீட்டில் ஒப்படைத்ததும் நான்தான்.

கரையில் உட்கார்ந்து என் பெட்டியை மடியில் வைத்துத் திறந்தேன். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டிருக்கலாம். "மாமே" என்பது அவருக்கு வாக்கியத்தின் முற்றுப்புள்ளி மாதிரி, எதற்கும் சொல்வார். அதனால் உடனே நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ரப்பர் மீனைத் தேர்ந்தெடுப்பது லேசான காரியமில்லை, மேடம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, எனவே வெள்ளி கூடாது. தண்ணீர் தெளிவாக இருந்தது, பிறகு கிழக்குப் பக்கம் கொஞ்சம் கலங்கியது, எனவே அடர்ந்த நிறத்துக்கு மாற வேண்டும். காற்றில்லை. ஆனால் அலை அடித்துக்கொண்டிருந்தது, எனவே ஈயத் தலை வைத்த கனமான மீன் வேண்டும். இதையெல்லாம் ஒருவன் நிதானமாக யோசிக்க வேண்டாமா. இரண்டாவது முறை "வரதா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கவனம் கலைந்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டேன். நான் தேர்ந்தெடுத்து முடித்து நிமிர்ந்தபோது அலை நின்றிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காரணம் குழுவில் வந்த ஒரு செய்தி. அஞ்சலிக் குறிப்புகளுக்கு நடுவே யாரோ போட்டிருந்தார்: "பாவம் வரதன் சார், அங்க பள்ளம் இருக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்? வீடியோ பார்த்தா ஏரி தெரிஞ்சிடுமா?" பதினைந்து பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். போட்டி நடத்தும் தலைவருக்கு ஏரியைத் தெரியாதாம். இதை எப்படி ஏற்றுக்கொள்வது. எனக்குத் தெரியும். பள்ளத்தின் ஓரம் எந்தத் தாமரைக் கொத்தில் தொடங்குகிறது என்பதுவரை தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். இது பதிவாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அவர் மனைவி ரேவதி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம மேடையில உங்களுக்குக் குடுக்கணும்னு வாங்கி வச்சிருந்தார்ணா. உங்க பொட்டிய கார்ல ஒரு நாள் பாத்தாராம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வெயில்ல வச்சிருக்கான், உருகிடப் போவுதுன்னு பொலம்பினார். நீங்கதான் தூண்டில் புடிக்கக் கத்துக் குடுத்தீங்கன்னு ரெண்டு வார்த்த பேசணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துகினு இருந்தார்." சொல்லிவிட்டு அழுதார். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். தனித்தனி அறை வைத்த பெட்டி. நல்ல எண்ணம்தான். கீல் அவ்வளவு உறுதியாக இல்லை.

அவர் வேறு ஏதாவது பேசியிருக்கவும் வாய்ப்பிருந்தது, இல்லையா.

இல்லை மேடம், உங்கள் மேசையில் இருக்கும் அது என் பழைய பெட்டி. அன்று ஏரிக்கரையிலிருந்து உங்கள் ஆட்கள் எடுத்து வந்தது. இப்போது அதைத் திறந்து பார்த்தாக வேண்டுமா? நான் சொன்னதையெல்லாம் எழுதிவிட்டீர்களே. சரி, மூடி இறுக்கமாக இருக்கும், நகத்தால் நெம்புங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இது மட்டும் குழுவுக்குத் தெரிய வேண்டாம். போட்டியன்று திறந்து காட்டினால் பார்வையாக இருக்குமே என்று எல்லா வகையையும் அதில் ஒன்றாக அடுக்கி, இரண்டு வாரம் கம்பெனி வாசலில் காருக்குள் வைத்திருந்தேன்.

ஆமாம், அன்று மத்தியானமும் இப்படியேதான் இருந்தது. உருகி ஒட்டிப்போன ஒரே உருண்டை. தேர்ந்தெடுக்க அதில் ஒன்றுமே இல்லை.