நிக்காத வண்டி

இல்லீங்க ஆன்ட்டி, விழுந்ததுக்குக் கோவிச்சுக்கிட்டு யாராவது புருஷன விட்டுட்டு வருவாங்களா? நீங்க அந்தச் சேர்ல உக்காருங்க, சோஃபா உள்ள வாங்கும். என் ஃப்ரெண்டு வான்மதி வீடுதான் இது, அவ வர லேட்டாகும், கம்பெனி ஷட்டில் பஸ் அப்படி. கால இப்படி ஸ்டூல் மேலதான் வெச்சிருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, தப்பா எடுத்துக்காதீங்க.

ரஞ்சித் உங்ககிட்ட என்னதான் சொல்லி அனுப்பினாரு?

ம். பட்டன். அதத்தான் சொல்லுவாரு. கயலுக்கு ஒரு பட்டன்ல கை படாம வண்டி ஓட்டத் தெரியல, சொன்னாக் கோவம் வருது, அப்படித்தானே? ஃபோன்ல அவங்கம்மாகிட்டயும் இதே கதைதான்.

நீங்க ஸ்னோமொபைல் பாத்திருக்கீங்களா? டிவிலயா, சரி. ஸ்கூட்டர் மாதிரி கால் போட்டு உக்காரணும். முன்னாடி ரெண்டு சறுக்குக் கட்டை, அடியில சக்கரத்துக்குப் பதிலா அகலமா ரப்பர் பெல்ட் சுத்தும். பனிமேல அதுல போறது. அவர் ஆபீஸ் டீம்ல எல்லாரும் டாஹோ பனி மலைக்குப் போறாங்க, ஃபேமிலியோட வரணும்னாங்க. நான் வரலைன்னேன். எனக்குக் கோயமுத்தூர் மார்கழியே தாங்காது. நீ வரலைன்னா என்ன நெனப்பாங்கன்னாரு. அவருக்கு எப்பவும் அதான், யாரு என்ன நெனப்பாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வீட்ல க்ளாஸ். சிரிக்காதீங்க, நெஜமாத்தான். டைனிங் சேர்ல என்னைத் திருப்பி உக்கார வெச்சு, சாயற கட்டைய ஹேண்டில்பார்னு நெனச்சுப் புடிச்சுக்கோன்னாரு. வலது கை கட்டை விரல்ல ஆக்ஸிலரேட்டர். அதுக்குப் பக்கத்துலயே செவப்பு பட்டன், அதுல கை பட்டா எஞ்சின் ஆஃப். க்ளவுஸ் மொத்தமா இருக்கும், தெரியாம அமுக்கிடாதேன்னாரு. அப்புறம் ஒரு சுருள் கயிறு, ஃபோன் வயர் மாதிரி. ஒரு முனை வண்டில, இன்னொண்ணு நம்ம ஜாக்கெட்ல. ஆளு விழுந்தா கயிறு பிடுங்கிட்டு வண்டி தானா நின்னுடும். எழுந்து நின்னு ஓட்டறப்ப அது இழுபடாமப் பாத்துக்கோ, ஆழமான பனில எஞ்சின் நின்னா வண்டி அப்படியே புதைஞ்சுடும், அப்புறம் ஊரே வந்து தோண்டணும்னாரு. தோசை ஊத்திட்டிருப்பேன், பின்னாடி வந்து நின்னு, கட்டை விரல் எங்க இருக்கணும்னு கேப்பாரு. எக்ஸாம் மாதிரி.

அங்க ட்ரேசின்னு ஒரு அம்மா கைடு. என் வயசு இல்ல, உங்க வயசிருக்கும். அவங்க முன்னாடி, நடுவுல டீம் ஆளுங்க, அப்புறம் நான், கடைசில இவரு. கெட்டியான பாதைல போன வரைக்கும் ஒண்ணும் இல்ல. மரமெல்லாம் தாண்டி ஒரு பெரிய சரிவு, புதுப் பனி. அங்க என் வண்டி நின்னுச்சு. க்ளவுஸ் பட்டுடுச்சு. ஆமா, என் கைதான் பட்டுச்சு, நான் இல்லைன்னு சொல்லலையே. எல்லாரும் நின்னு, எறங்கி, பனிய மிதிச்சு வழி பண்ணிக் குடுத்தாங்க. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்னுச்சு. இந்தத் தடவ கயிறு. அவர் மேனேஜர் ஏதோ ஜோக் அடிச்சாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இவரு மட்டும் சிரிக்கல.

கிட்ட வந்து, மானத்த வாங்கறியேன்னு தமிழ்ல மெதுவாச் சொன்னாரு. சொல்லிட்டு என் ஜாக்கெட்ல இருந்த கயித்தக் கழட்டி, வண்டி ஹேண்டில்பார்லயே மாட்டிட்டாரு. இனிமே நிக்காது பாருன்னாரு. நான் விழுந்தா என்ன ஆகும்னு கேட்டேன். விழாதேன்னாரு.

ட்ரேசி அதப் பாக்கல. பாத்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க.

அப்புறம் என்ன, விழுந்தேன். ஒரு பக்கமா வண்டி சாஞ்சுது, நான் இடுப்பு வரைக்கும் பனில இறங்கிட்டேன், வண்டி என் கால் மேல படுத்துடுச்சு. ஆக்ஸிலரேட்டர்ல பனி அடைச்சு அது அப்படியே சிக்கிக்கிச்சு. எஞ்சின் நிக்கல ஆன்ட்டி. ஃபுல்லா கத்துது. அந்த பெல்ட்டு என் முழங்காலுக்குக் கீழ சுத்துது, பேண்ட்ட இழுக்குது. பட்டன் எட்டல. என் ஜாக்கெட்ல கயிறு இருந்திருந்தா விழுந்த உடனே நின்னிருக்கும். நான் கத்தறது எனக்கே கேக்கல.

ட்ரேசிதான் வந்து பட்டன அமுக்கினாங்க. அவங்க வண்டியும் புதைஞ்சுடுச்சு, அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. வெறுங்கையால தோண்டி என்னை எடுத்தாங்க. எலும்பு ரெண்டு எடத்துல முறிஞ்சு போச்சு.

இவரா? கைடக் கூப்பிடத்தான் முன்னாடி போனேன்னு உங்ககிட்ட சொன்னாரா? ம்... அத எங்கிட்டயும்தான் சொன்னாரு. நானும் நம்பினேன், ரெண்டு நாள். ஆழமான பனில நிறுத்தக் கூடாது, சுத்திட்டுத்தான் வரணும், அது ரூல்தான். ட்ரேசியே ஒத்துக்கிட்டாங்க.

அவங்க ஹாஸ்பிடலுக்கு வந்தாங்க, பூ எடுத்துக்கிட்டு. கயிறு ஏன் ஹேண்டில்பார்ல இருந்துச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் சொன்னாங்க, உன் ஹஸ்பண்ட் எங்ககூட வந்து நின்னாரு, நீ எங்கன்னு கேட்டேன், பின்னாடி மெதுவா வந்துட்டிருக்கா, வெயிட் பண்ணலாம்னு சொன்னாரு, எனக்குத்தான் மனசு கேக்கல, திரும்பி வந்தேன்னு.

இல்ல, இருங்க, நான் முடிச்சுடறேன். அவரு கவனிக்காமப் போயிருக்கலாம்னுதானே சொல்ல வர்றீங்க? ட்ரேசி சொன்னத நான் கேட்டப்ப அவரும் அப்படித்தான் மாத்திப் பேசினாரு. பனி தெறிச்சுது, தெரியலன்னு. எங்கம்மாகிட்டகூட நான் இத இன்னும் சொல்லல. நீங்க இவ்ளோ தூரம் ஃப்ரீமான்ட்ல இருந்து வந்துட்டீங்க, கேக்கறீங்க, அதனால சொல்றேன்.

எங்கிட்ட வந்ததும் ஸ்லோ பண்ணாரு. ஹெல்மெட் கண்ணாடிய மேல தூக்கினாரு. என் மூஞ்சியப் பாத்தாரு, கால் மேல கெடந்த வண்டியப் பாத்தாரு. அப்புறம் கண்ணாடிய இறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு.