பதினோராவது கடன்

இல்ல வக்கீல் மேடம், திவால் மனுல கடன் குடுத்தவங்க பத்து பேரு போதும். அந்தப் பதினோராவது பேர அடிச்சிடுங்க. பேரும் தப்பில்ல, தொகையும் தப்பில்ல. என் சொந்தப் பொண்ணுதான். அது வேண்டாம், அவ்வளவுதான்.

சொத்துல எதையாவது ஒளிச்சேனா சொல்லுங்க? கடையக் காலி பண்ணி வீட்ல கொண்டாந்து போட்ட வாஷிங் மெஷின் ரிப்பேர் சாமான்லேருந்து மூணு கால் சோபா வரைக்கும் சொல்லிட்டேன். நாலாவது காலுக்குச் செங்கல் வெச்சிருக்கு, வேணும்னா அதையும் எழுதிக்கங்க. சிரிக்காதீங்க மேடம். இருபத்திரெண்டு வருஷம் கடை நடத்துனவன் பேசுற பேச்சா இதுன்னு எனக்கே கேவலமாத்தான் இருக்கு.

எப்படி இவ்வளவு ஆச்சுன்னா? ஒரே நாள்லயா ஆச்சு? வேன் வாங்க ஒரு லோன். அந்தத் தவணைக்கு ஒரு கிரெடிட் கார்டு. பில்லுல அடியில சின்னதா போட்டிருப்பான் பாருங்க, குறைஞ்சது இவ்வளவு கட்டுனாப் போதும்னு. அதக் கட்டுனா கடன் தீந்துட்டு வருதுன்னு நெனச்ச மடையன் நான். அது வட்டிக்கே பத்தல. அத அடைக்க இன்னொரு கார்டு. ஒருத்தர்கிட்டயாவது வாயத் தெறந்து சொல்லியிருந்தா ரெண்டாவது கார்டோட நின்னிருக்கும். மூச்சு விடலியே. அஞ்சு கார்டு ஆகுற வரைக்கும் வெள்ளையும் சொள்ளையுமா சுத்திட்டிருந்தேன்.

கடைசியா என் பொண்ணுகிட்ட போய் நின்னேன். ஆஸ்பத்திரில நர்ஸு. மேல படிக்கணும்னு மூணு வருஷம் ரெட்டை டூட்டி பாத்து சேத்த காசு. ஒரே மாசம்மா, பீஸ் கட்டுறதுக்குள்ள தந்துடுறேன்னேன். மறுபேச்சு பேசாம குடுத்துட்டா. பீஸ் கட்டுற தேதியும் போச்சு, சீட்டும் போச்சு, அவளும் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. நாலு வருஷம் ஆச்சு. பெத்த பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்ட பாவி மேடம் நான்.

தெரியுது, ஒருத்தர விட்டாலும் மனு நிக்காதுங்கிறீங்க. எல்லாருக்கும் கோர்ட்டு லெட்டர் போகும், கடைசில மொத்தக் கடனும் தள்ளுபடி ஆயிடும். அந்தத் தள்ளுபடிதான் வேண்டாங்கிறேன். மத்த பத்தும் போகட்டும். இது ஒண்ணு என் தலைமேலயே இருந்துட்டுப் போகட்டுமே.

ஐயோ, நல்ல மனசெல்லாம் இல்ல, என்னை அப்படிப் பாக்காதீங்க. போன வருஷம் கடையக் காலி பண்ணப்போ அட்வான்ஸ் பணம் மொத்தமா கைக்கு வந்துச்சு. அன்னிக்கே அவளுக்குத் தீத்திருக்கலாம். தீக்கல. போய் கார்டுக்காரனுக்குக் கட்டிட்டு வந்துட்டேன்.

மாசம் ஒண்ணாந்தேதி ஆனா போன் பண்ணுவா மேடம். அப்பான்னு கூட சொல்ல மாட்டா. பணம் இருக்கான்னு கேப்பா. இன்னும் இல்லம்மான்னுவேன். சரின்னு வெச்சிடுவா. வேற எதுக்கும் கூப்பிட மாட்டா. பணத்தக் குடுத்துட்டா அதுவும் நின்னுடும்ல.

சரி, சரி, எழுதிக்கங்க. சட்டம்னா சட்டம்தானே. எங்க போடணும் கையெழுத்து, இங்கயா? மேடம், இன்னிக்கு தேதி இருபத்தெட்டுதானே? மனுவ ரெண்டாந்தேதி போட்டுக்கலாமா? ஒண்ணாந்தேதி ஒரு தடவ கூப்பிட்டுறட்டும்.