நோவா வண்டி ஓட்டவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்காநல்லூர் பஸ். முன்சீட்டில் மடியில் பைபிளோடு இரண்டு பெண்கள். இளையவள் கேட்ட கேள்வியில் என் காது முன்சீட்டுக்கே போய்விட்டது.

"பார்த்ததை வெளிய சொன்னா எம்பட பையனுக்குச் சாபம் வந்துருங்களாக்கா?"

"என்னத்தப் பார்த்தே கண்ணு?"

"நேத்து நம்ம பாஸ்டர் குடிச்சுப்போட்டு சபைக்குப் பின்னால உழுந்து கெடந்தாருங்க."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "வாயைத் தொறக்காத. பைபிள்ல நோவாவும் குடிச்சுப்போட்டுத் துணி வெலகித்தான் கெடந்தாரு. அதைப் பார்த்துச் சொன்ன மகனோட புள்ளைக்குத்தான் சாபம் வந்துச்சு. மத்த ரெண்டு மகனும் துணியைப் போர்த்திப்போட்டுப் பேசாம இருந்தாங்க."

"நானும் போர்த்திப்போட்டுத்தானுங்க வந்தேன்."

"அப்பறம் என்ன பயம்?"

"நோவா வண்டி ஓட்டலீங்களேக்கா. இவரு இன்னிக்குக் காலங்காத்தால சண்டே ஸ்கூல் புள்ளைங்களை வேன்ல ஏத்திக்கிட்டு அவிநாசிக்கு ஓட்டிட்டுப் போயிருக்கறாருங்க. பையனை ஏத்திவுடறப்பவே வாசம் அடிச்சுது. சாபத்துக்குப் பயந்து பேசாம இருந்துட்டேன்."

"வேன்ல வேற யாரு?"

"உங்க பேத்தியுந்தானுங்க."

பைபிள் மூத்தவளின் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இருவருமே குனியவில்லை.

"பாஸ்டருக்குப் போனைப் போடு அம்மணி."

"போட்டுட்டேதானுங்க இருக்கறேன். எடுக்க மாட்டேங்கறாரு."