எதில் விட்டாலும் ஏழு

தூவா: ...ஹெம்மிங்! ஒரு நிமிஷம் இங்க வாயேன்.

ஹெம்மிங்: வந்துட்டேன். என்னாச்சு?

தூவா: அட, கூப்பிட்டதும் ஓடி வர்ற! எப்பவும் காபியைக் குடிச்சு முடிச்சிட்டுத்தானே எழுந்திரிப்ப?

ஹெம்மிங்: விஷயத்தைச் சொல்லு.

தூவா: ஆஸ்பத்திரியில திரும்பப் பார்க்கச் சொன்னாங்கல்ல, அந்தக் கைக்குழந்தை வீட்டுக் கிணறு... சொட்டு சொட்டா விடுற ப்யூரெட்ல இருந்த அமிலம் பூரா அந்தத் தண்ணிக்குள்ள இறங்கிடுச்சு. pH மீட்டர் இன்னும் ஏழுங்குது!

ஹெம்மிங்: ஏழா? ப்யூரெட்டைத் திறந்தியா, இல்ல கனவு கண்டியா?

தூவா: நீயே பாரு.

ஹெம்மிங்: ...மீட்டரோட எலக்ட்ரோடை எடுத்து, சரிபார்க்க வெச்சிருக்கிற சிவப்பு பாட்டில்ல விடு. அது நாலு காட்டியே ஆகணும்.

தூவா: ஏழு.

ஹெம்மிங்: வினிகர்ல?

தூவா: ஏழு... உன் கோப்பையை இப்படிக் குடு.

ஹெம்மிங்: ஏய், அது நான் குடிக்கிற...

தூவா: காபியும் ஏழாம்!

ஹெம்மிங்: அந்தக் கண்ணாடிக் குமிழை வெளிச்சத்துல காட்டு... கீறல். முடி கணக்கா ஒரு கீறல்.

தூவா: கீறல் விழுந்த குமிழ் எதுல விட்டாலும் ஏழுதானே காட்டும்! ஐயோ...

ஹெம்மிங்: காலையில மீட்டரைச் சரிபார்த்தியா?

தூவா: பார்த்தேனே. தேறிடுச்சு.

ஹெம்மிங்: எப்படித் தேறும்? ஏழுலயும் விட்டு, நாலுலயும் விட்டா, அப்பவே குட்டு உடைஞ்சிருக்குமே.

தூவா: ஏழுல மட்டும்தான் விட்டேன்.

ஹெம்மிங்: என்னது!

தூவா: சிவப்பு பாட்டில் தீர்ந்துபோச்சு. புதுசு வர்ற வரைக்கும் ஒண்ணு போதும்னு... புதுசு வந்த பிறகும் அதுவே பழகிடுச்சு.

ஹெம்மிங்: எப்பலேருந்து?

தூவா: ஈஸ்டருக்கு முன்னாடியிலேருந்து.

ஹெம்மிங்: அடிப்பாவி! எத்தனை கிணத்துக்கு 'நல்ல தண்ணி'ன்னு எழுதி அனுப்பிட்டோம்!

தூவா: கத்தாத. கீறல் நேத்துகூட விழுந்திருக்கலாம்ல?

ஹெம்மிங்: ...இல்ல.

தூவா: என்ன இல்ல?

ஹெம்மிங்: ஈஸ்டர் முடிஞ்ச வாரம், கழுவுறப்ப பீக்கர்ல இடிச்சிட்டேன். 'டிங்'னு ஒரு சத்தம்.

தூவா: வாயே திறக்கலையே நீ!

ஹெம்மிங்: காலையில நீ சரிபார்ப்ப, உடைஞ்சிருந்தா தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன். தேறிடுச்சுன்னு நீ சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு.

தூவா: நான் கண்ணாடியை நம்பினேன்... நீ என்னை நம்பின...

ஹெம்மிங்: பேச்சை விடு. ஊறிட்டிருக்கிற இன்னொரு எலக்ட்ரோடை மாட்டு. ரெண்டு பாட்டில்லயும் விடு.

தூவா: ஏழுக்கு ஏழு. நாலுக்கு நாலு.

ஹெம்மிங்: இப்ப பாட்டில்ல மிச்சமிருக்கிற கிணத்துத் தண்ணி.

தூவா: அஞ்சு. ஹெம்மிங்... அஞ்சு!

ஹெம்மிங்: கடவுளே...

தூவா: இவ்வளவு அமிலம் உள்ள தண்ணி செப்புக் குழாயையே தின்னுடுமே! அந்தக் குழந்தையோட அம்மாவுக்குப் பொன்னிற முடி பச்சையாயிடுச்சாம். மலிவான சாயம்னு நான் சிரிச்சேன். செம்பு கரைஞ்ச தண்ணியிலதான் புள்ளைக்குப் பால் கலக்கியிருக்கா!

ஹெம்மிங்: டாக்டருங்க கண்டுபிடிக்கலையா?

தூவா: தண்ணி சுத்தம்னு நாம எழுதிக் குடுத்துட்டோமே... பால்தான் ஒத்துக்கலைன்னு பாலை மாத்தி மாத்தி அதே தண்ணியிலதான் கலக்கச் சொல்றாங்களாம். வீட்டுலேருந்து ஆஸ்பத்திரிக்குக் கேன்ல கொண்டு போறாளாம். வயித்துப்போக்கு நிக்கவே இல்ல.

ஹெம்மிங்: போனைக் குடு.

தூவா: இரு, நம்பர் எடுத்துத் தர்றேன்...

ஹெம்மிங்: வேண்டாம்.

தூவா: நம்பரைப் பார்க்காமலே அடிக்கிற...? உனக்குத் தெரிஞ்சவளா?

ஹெம்மிங்: ...மணி அடிக்குது.

தூவா: ஹெம்மிங், யாரு அவ? சொந்தமா? சொந்தக்காரங்க தண்ணி நம்ம மேசைக்கே வரக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நீ!

ஹெம்மிங்: மருமகன் பேர்ல அனுப்ப வெச்சேன். அது என் மக, தூவா. தண்ணியிலதான் ஏதோ கோளாறுப்பான்னு அழுதா. 'எங்க ஆய்வகமே நல்ல தண்ணின்னு பார்த்துச் சொல்லிடுச்சு, பால் கலக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் புள்ளை'ன்னு கேட்டுட்டேன்.